அன்புராசாவின் மூஸ்

மூஸ் என்கிற அந்தப் பெரிய கனடா மான் விழுந்துவிட்டது. இனி அதைக் காட்டிலிருந்து ரோட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அன்புராசாவுக்குத் தெரியவில்லை.

ஆறு வருடமாக வேட்டைக்குப் போய், ஆறு வருடமும் வெறுங்கையோடு ஸ்காபரோ மோர்னிங்சைட் வீட்டுக்குத் திரும்பியவர் அவர். "இந்த முறையும் ஒண்டும் இல்லையெண்டால் துவக்கை வித்துப்போடுவன்" என்று மனைவி நிலாணி சொல்லியிருந்தாள். அதனால் இன்று காலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு துவக்கால் வெடி வைத்தார். திறந்து பார்த்தால் மூஸ் கிடக்கிறது! துவக்கோடு கூட வந்த றிச்சர்டைக் கட்டிப்பிடித்து, பாவம் மனுசன், அழுதேவிட்டார். றிச்சர்ட் அவரோடு வேலை செய்பவன். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவர் அழுவதைப் பார்த்து முதுகைத் தடவிவிட்டான்.

மூஸ் நானூறு கிலோவுக்குக் குறையாது. ரோட்டுக்கு மூன்று கிலோமீற்றர், வழியெல்லாம் சேறு. இருவரும் உரித்து வெட்டி, ஒரு தொடையைத் தூக்கிக்கொண்டு நூறு அடி நடப்பதற்குள் அன்புராசாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மேட்டில் ஏறி, சிக்னல் பிடித்து, நிலாணியின் அண்ணன் நவரட்ணத்துக்குப் போன் அடித்தார்.

"மச்சான், மூஸ் சுட்டுட்டன்! தூக்க ஆக்கள் வேணும்."

"மெய்யாவோ? பங்கு எப்பிடி?"

ஊரில் ஆடு அடிக்கிற இடத்தில் கூட நின்றவனுக்கெல்லாம் பங்கு உண்டு. ஸ்காபரோவுக்கு வந்தும் அந்தச் சட்டம் மாறவில்லை.

"பின்னந்தொடை ஒண்டு உமக்கு."

மத்தியானம் நவரட்ணம் இரண்டு கூட்டாளிகளோடு வந்து இறங்கினார். அவர்களுக்கு ஆளுக்கொரு முன்னங்கால். கையோடு கொண்டுவந்தது, பிள்ளைகள் பனியில் சறுக்குகிற பிளாஸ்ரிக் வண்டி. இறைச்சியை ஏற்றி இழுத்தார்கள். இரண்டாவது வளைவிலேயே அது இரண்டாய்ப் பிளந்தது.

"றோட்டோரமாப் பாத்துச் சுட்டிருக்கலாமே, மச்சான்?"

"அது என்னட்டைக் கேட்டே நிண்டது?"

அந்தப் பக்கம் வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் காட்டுக்குள் ஓடுகிற தன்னுடைய நாலுசில்லு மோட்டார் வண்டியைத் தந்தார். கூலி, மற்றப் பின்னந்தொடை. வண்டி பாதி வழியில் சேற்றில் புதைந்தது. அதை இழுத்தெடுக்க அவருடைய மகன் உழவு இயந்திரத்தோடு வந்தான். அவன் கேட்டது விலா முழுவதும்.

"குடு மச்சான், பாவம்" என்றார், தன் தொடையைப் பத்திரப்படுத்திவிட்ட நவரட்ணம்.

பொழுதுபடும்போது எல்லாம் ரோட்டுக்கு வந்தது. அன்புராசாவுக்கு மிஞ்சியது கழுத்து மட்டும்தான். காலையிலிருந்து முழங்கால் சேற்றில் நின்று சுமந்த றிச்சர்டைப் பார்க்க அவருக்கு மனம் கேட்கவில்லை.

"உனக்கும் ஏதாவது தரத்தானே வேணும், தம்பி?"

"வேண்டாம் அண்ணை. நீங்கள் வீட்டை கொண்டுபோங்கோ."

சும்மா கூட வந்த பெடியன், என்ன நல்ல குணம் என்று அன்புராசா நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கழுத்து இறைச்சி அடுப்பில் கொதித்தது. நவரட்ணம் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். ஆறு வருடத்தில் முதல்முறையாக நிலாணி எல்லோருக்கும் முன்னால் வாய் நிறையச் சொன்னாள்: "இவர்தான் சுட்டவர்!" அன்புராசா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். இதற்காக இன்னும் நாலு தொடை கொடுக்கலாம்.

அன்புராசாவின் போன் அடித்தது. எடுத்த நிலாணியின் கையெல்லாம் கறித்தூள், ஸ்பீக்கரில் போட்டாள். றிச்சர்டின் மனைவி வேரோனிக்கா.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ, இவர் கேக்கக் கூச்சப்படுறார். இவர் சுட்ட மூசிலை ஒரு துண்டு எங்களுக்கும் தருவியளோ?"