காலுறை போட்ட சேவல்

இரண்டு வருஷமாகவே சேவல் சோசியர் தெருவுக்குள் நுழைந்தால் குழாயடியில் குடம் நிரம்பி வழியும். குழாயை மூட ஆள் இருக்காது. அத்தனை பேரும் சோசியர் பின்னால். சோசியருக்கு முன்னால் ராஜகுரு. ராஜகுரு என்பது கொழுத்த செஞ்சேவல். இரண்டு காலிலும் பட்டுக் காலுறை.

"புனிதப் பாதம், மண் படக்கூடாது" என்பார் சோசியர். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்குச் செருப்பில்லை என்பது வேறு விஷயம்.

சோசியம் ரொம்ப எளிது. உங்கள் கோழிகளோடு ராஜகுரு மூன்று வாரம் தங்கும். உங்கள் சேவலைத் தனியே அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தியானம் கலையுமாம். கடைசி வாரத்து முட்டைகளை அடைவைத்து, குஞ்சு பொரித்த அன்றே சோசியருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வெள்ளைக் கோழிக்கு வெளிறிய குஞ்சு பிறந்தால் புண்ணியம். சிவப்புக் குஞ்சு பிறந்தால், வீட்டில் யாரோ செய்த பாவம். அந்தப் பாவத்தைச் சோசியரே பெருந்தன்மையாகக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

இந்த முறை தையல்காரம்மா வீட்டில் பதினாறு குஞ்சு. ஒன்பது சிவப்பு.

"ஒம்பது பாவம்!" சோசியர் கண்ணை மூடினார். "வீட்டுக்குப் புதுசா வந்தது யாரு?"

தெருவே மருமகளைத் திரும்பிப் பார்த்தது. கல்யாணமாகி மூன்றே மாதம்.

"ஒரு வருஷம் பொறந்த வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா குடும்பமே நாசம்."

தையல்காரம்மா மருமகளின் பெட்டியை வாசலுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டாள். புருஷன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கொட்டாவி வந்தது.

மருமகளுக்குக் குஞ்சுப் பண்ணையில் வேலை. பிறந்த அன்றே குஞ்சைத் தூக்கிப் பார்த்து, பெட்டை இது, சேவல் இது என்று பிரிக்கும் வேலை. அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் அது கைவராது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கூடைப் பக்கம் உட்கார்ந்தாள். அழத்தான் உட்கார்ந்தாள். கை பழக்கதோஷத்தில் குஞ்சைத் தூக்கியது.

முதல் சிவப்பு, பெட்டை. இரண்டாவது, பெட்டை. ஒன்பதும் பெட்டை! வெளிறிய ஏழும் சேவல். அப்புறம் கால்களைப் பார்த்தாள். பதினாறு குஞ்சுக்கும் காலில் பொசுபொசுவென்று தூவி. தாய்க்கோழிகளின் கால் மொழுமொழு. அடைபட்டுக் கிடந்த வீட்டுச் சேவலின் காலும் மொழுமொழு. அவள் பார்வை மெல்ல அந்தப் பட்டுக் காலுறைக்குப் போனது. சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயா, என் பாவத்தை நீங்க எதுக்குச் சுமக்கணும்? நானே குழி தோண்டிப் பொதைச்சிடறேன். நீங்க இந்த ஏழு புண்ணியத்தையும் எடுத்துட்டுப் போங்க."

"ஐயையோ, பொதைக்காத! அந்த ஏழும் சேவல்மா! முட்டையா போடும்?"

தெருவே இப்போது சோசியரைத் திரும்பிப் பார்த்தது.

பால்காரர்தான் முதலில் கனைத்தார். "இன்னிக்குப் பொறந்த குஞ்சு, சேவல்னு உமக்கு எப்படித் தெரியும்?"

"ஞானதிருஷ்டி..."

"எங்க வீட்டுப் பாவம் பதினொண்ணு கொண்டுபோனீரே, அது இப்ப முட்டை போடுதா?"

"ஞானமும் இல்ல, திருஷ்டியும் இல்லண்ணே," என்றாள் மருமகள். "இந்தச் செஞ்சேவலை நம்ம வெள்ளைக் கோழியோட விட்டா பெட்டைக்கு அப்பன் நிறம், சேவலுக்கு அம்மா நிறம். பண்ணையில தினம் பாக்கறதுதான். அப்பன் யாருன்னு சந்தேகமா? குஞ்சோட காலைப் பாருங்க."

சொல்லிக்கொண்டே ராஜகுருவின் காலுறையைச் சர்ரென்று உருவினாள். விரல் நுனிவரை செந்தூவி விசிறியாய் விரிந்தது! விடுதலையான மகிழ்ச்சியில் ராஜகுரு கோழிக்கூண்டை நோக்கி ஒரே பாய்ச்சல். தியானம் செய்யத்தான்.

தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கொட்டாவிப் புருஷன்கூடச் சிரித்தான்.

"அத்தை, என் பெட்டி?"

"அது... தூசி தட்ட எடுத்தேம்மா," என்று தையல்காரம்மா உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினாள். சோசியர் எதிர்த்திசையில் ஓடினார். கூடையை மறந்துவிட்டார்.

காலுறையைக் கழற்ற எவ்வளவு நேரமாகியது? அரை நொடி. கழற்றித்தான் பார்ப்போமே என்று அந்தத் தெருவுக்குத் தோன்ற இரண்டு வருஷமாகியது. உங்கள் தெருவில் எப்படி?