கோடிட்ட இடமும் மழைக்கோட்டும்

சத்தியம்! சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யானாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். இருப்பதே மூன்று. அதையும் பணயம் வைக்கிறேன் என்றால் நம்புங்கள்.

ஒரு அச்சகம். அதில் ஒரு பிழைதிருத்துபவர். கண்ட இடத்திலெல்லாம் கமா தூவுவார் என்பதால் அவருக்குக் 'கால்புள்ளி' என்று பட்டம். அவர் மனைவிக்கும் அங்கேயேதான் வேலை. கீழ்த்தளத்தில், புத்தகங்களைத் தைத்துக் கட்டும் பைண்டிங் பிரிவில். மேலே அவர் எழுத்தைத் திருத்துவார். கீழே அவள் முதுகில் தட்டுவாள். புத்தகத்தின் முதுகைத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் முதலாளி இருவரையும் கூப்பிட்டார்.

"புதுசா பதிப்புப் பிரிவு தொறக்கப்போறேன். அதுக்குத் தலைமைப் பதிப்பாசிரியர் வேணும், முதுகலை படிச்சவங்களா. நீங்க ரெண்டு பேருமே பட்டதாரிங்க. ஆனா மாலைக் கல்லூரிக்குச் சீக்கிரம் போக ஒருத்தருக்குத்தான் அனுமதி தருவேன். நுழைவுத் தேர்வு எழுதுங்க. யாருக்கு மார்க்கு அதிகமோ அவங்க போங்க."

வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது.

"ஜெயிச்சவங்க காலேஜுக்கு. தோத்தவங்க அடுப்படிக்கு. சரிதானேங்க?" என்றாள் மனைவி.

"எத்தன நாளைக்கு?"

"ரெண்டு வருஷம். படிப்பு அவ்ளோ நாள்தானே."

கால்புள்ளிக்கும் அடுப்புக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் மார்பை நிமிர்த்திக்கொண்டார். "எத்தன வருஷமா எழுத்தோட குடித்தனம் பண்றேன்! என்கிட்டயா?"

"என்கூடயும் அத்தன வருஷமா குடித்தனம் பண்றீங்க. என்னத்தக் கண்டுட்டீங்க?" என்றாள் அவள்.

தேர்வில் பாதி மதிப்பெண் கோடிட்ட இடங்களுக்கு. ஒரு வாக்கியம் இருக்கும். நடுவே ஒரு சொல்லுக்குப் பதில் கோடு. கீழே அ, ஆ, இ, ஈ, உ என்று ஐந்து சொற்கள். பொருந்துவதைப் பொறுக்க வேண்டும். இப்படி ஐந்நூறு வாக்கியங்கள் உள்ள பயிற்சிப் புத்தகம் ஒன்றை அவர் வாங்கிவந்தார். தேர்வுக் கேள்விகளை எடுப்பதே அதிலிருந்துதான். விடைகள் கடைசித் தாளில் இருந்தன. அந்தத் தாளைக் கண்டதும் அவர் மண்டையில் பொறி தட்டியது. கெட்ட யோசனைக்கு மட்டும் எவருக்கும் பயிற்சி தேவைப்படுவதில்லை.

தாளைப் பிளேடால் அறுத்தெடுத்தார். மறுநாள் அச்சகத்தில் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அதே காகிதத்தில் அதே எழுத்தில் ஒரு போலித் தாள் அடித்தார். அ என்று இருந்த இடத்தில் ஆ. ஆ என்று இருந்த இடத்தில் இ. ஐந்நூறு விடையும் ஒவ்வொரு படி நகர்ந்து உட்கார்ந்தன. அந்தப் போலியைப் புத்தகத்தின் கடைசியில் ஒட்டினார். அசலைத் தன் பழைய மழைக்கோட்டின் உள்பைக்குள் ஒளித்தார். ஆணியில் தொங்கிய கோட்டைத் தட்டிக்கொடுத்தார்.

பாவம், அவர் ஒன்றை மறந்துவிட்டார். அவர் கட்டிக்கொண்டது பைண்டிங்காரியை.

அன்று சாயங்காலம் அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலை முதுகோடு ஓட்டினாள். கடைசித் தாளில் விரல் நின்றது. தைத்த புத்தகத்தில் ஒட்டின தாள் ஏன்? முகர்ந்தாள். பசை வாசம். அதுவும் அவளுடைய பிரிவின் பசை!

கணவரைப் பார்த்தாள். வெளியே வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. மனிதர் மழைக்கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்க அங்க?"

"மழை வரும்போல இருக்கு."

"கோட்டுக்குள்ளயா?"

அவர் குளிக்கப் போனதும் அவள் வேலையை முடித்தாள். போலியை ஈரத்துணி வைத்துப் பெயர்த்தாள். பசை விளிம்பை நறுக்கினாள். இஸ்திரி போட்டுக் காயவைத்தாள். போலி மழைக்கோட்டுக்குள் போயிற்று. அசல் புத்தகத்துக்குத் திரும்பிற்று. குளித்து வந்தவருக்கு ஒரு தடயமும் இல்லை. உலகத்தில் எதை வேண்டுமானாலும் சந்தேகப்படுகிற ஆண்பிள்ளை, தான் ஒளித்துவைத்ததை மட்டும் சந்தேகப்படவே மாட்டான்.

மறுநாள் காலையில் தொடங்கியது பயிற்சி. ஒரே மேசை. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். தேர்வுக்கு முப்பது நாள்.

"எழுபத்தேழாவது கேள்வி," என்று அவள் உரக்கப் படித்தாள். "'ஒரு காசைச் செலவழிக்கவும் இரண்டு முறை யோசிக்கும் அவரை ஊரார் டேஷ் என்றனர்.' அ, சிக்கனக்காரர். ஆ, ஊதாரி. இ..."

"நீ சொல்லு பாப்போம்."

"சிக்கனக்காரர்."

கால்புள்ளி ஓடிப்போய் மழைக்கோட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எழுபத்தேழு, ஆ. ஊதாரி! துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"எதுக்குச் சிரிப்பு? என் விடை தப்பா?"

"சேச்சே, ரொம்பச் சரி. அப்படியே படி. நீதான் வருவ மொதல்ல!"

ஊதாரி எப்படிப் பொருந்தும் என்று ஒரு நொடி அவருக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவர் பிழைதிருத்துபவர். மூலப் பிரதியில் என்ன இருக்கிறதோ அதுதான் வேதம். பொருள் பார்ப்பது எழுதினவன் பாடு. இந்தக் கொள்கையால் அச்சகத்தில் ஒருமுறை சமையல் புத்தகத்தில் 'மூன்று படி உப்பு' என்று அச்சாகி வெளியே போயிருக்கிறது. மூலத்தில் அப்படித்தான் இருந்ததாம். ஆகவே காரணமும் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு முறை யோசிக்கிறவன் யோசனையை வீணடிக்கிறான்; அப்படியானால் ஊதாரிதானே! ஆகா, சொல்லுக்குள்தான் என்ன ஆழம்!

இந்த ஆழத்தில் அவர் நாளுக்கு நாள் முங்கிக்கொண்டே போனார். 'ஓயாமல் உழைப்பவன்' என்றால் சோம்பேறி. 'கொட்டும் மழையில் தன் குடையை அயலானுக்குக் கொடுத்தவரின்' குணம் கயமை. குறிப்பேட்டில் எழுதினார். நடக்கும்போது முணுமுணுத்தார். பல் துலக்கும்போது நுரையோடு ஒப்பித்தார். எதிரே அவள் சரியான விடைகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, இவர் மனசுக்குள் குதித்தார். "அத்தனையும் தப்பா படிக்குது! முப்பது நாளும் இப்படியே போனா முதுகலை எனக்குத்தான்!"

தேர்வுக்கு முந்தின வாரம் முதலாளி இருவருக்கும் மூன்று நாள் விடுப்புக் கொடுத்தார். நம் ஆள் கைகூப்பினார். புதிதாகக் கற்ற சொல்லால் நன்றி சொல்லாவிட்டால் படித்து என்ன பயன்?

"முதலாளி, உங்க கயமைய நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்!"

ஆயிரம் புத்தகம் அச்சடித்து ஒன்றையும் படிக்காத முதலாளி பூரித்துப்போனார். "கேட்டியாம்மா, எவ்ளோ பெரிய வார்த்தை! எழுதிக் குடுங்க, சட்டம் போட்டு என் மேசைக்குப் பின்னால மாட்டறேன்."

"மாட்டுங்க முதலாளி," என்றாள் அவள். "அவருக்கு உங்கள அவ்ளோ நல்லாத் தெரியும்."

தேர்வு அன்று மூன்று மணி நேரத் தாளை ஒன்றரை மணியில் முடித்துவிட்டு வெளியே வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார் கால்புள்ளி. கடைசி மணி வரை அவள் வரவில்லை. "பாவம், திணறுறா," என்று பக்கத்தில் இருந்த காவலாளியிடம் இரக்கப்பட்டார்.

முடிவு கல்லூரிப் பலகையில் ஒட்டப்பட்டது. கோடிட்ட இடங்களில் அவளுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு. அவருக்கு ஐம்பதுக்கு ஒன்று. அந்த ஒன்றும் விடை தெரியாமல் குருட்டாம்போக்கில் போட்டது.

"புத்தகமே தப்பு!" என்று கத்தினார்.

"எனக்கு நல்லாத்தானே இருந்துச்சு?"

"உனக்கு எப்படி நல்லா இருக்கும்? உன்கிட்ட இருந்ததுதானே போலி!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். அவள் சாவகாசமாகப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மொத நாளே ரெண்டையும் எடம் மாத்திட்டேங்க."

"அடிப்பாவி! கட்டின புருஷன்கிட்ட முப்பது நாளா ஒரு வார்த்தை சொல்லாம ஏமாத்திட்டியே!"

"சொல்லாமலா? தெனமும் உங்க எதுக்கவே உட்கார்ந்து சரியான விடைய சத்தம் போட்டுப் படிச்சேனே! என்னிக்காவது ஒரு நாள், 'அவ சொல்றது பொருந்துதே'ன்னு நெனச்சிருந்தா தப்பிச்சிருப்பீங்க. நீங்கதான் துண்டக் கடிச்சிக்கிட்டுச் சிரிச்சீங்க."

ஐந்நூறு சொல் மனப்பாடம் பண்ணின மனிதர் அன்று சாயங்காலமே கரண்டியைப் பிடித்தார்.

அவள் படித்தாள். இரண்டு வருஷத்தில் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனாள். ஒப்பந்தக் கெடு முடிந்தது என்று அவர் கரண்டியைக் கீழே வைக்கப் போனார். "பதிப்பாசிரியருக்கு வேலை முடிய நேரமாகும், பிழைதிருத்துறவர் அஞ்சு மணிக்கே கெளம்பலாம்," என்று அலுவலக உத்தரவு வந்தது. கீழே அவள் கையெழுத்து. ஒரு பிழை இல்லை.

இதைச் சொன்னது யார் என்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த அம்மாள் காதுக்குப் போனால் சிரித்துவிட்டுப் போவாள். அவர் காதுக்குப் போகக் கூடாது. நாளை ராத்திரி எனக்கு அவர் கையால்தான் சாப்பாடு.