லேப்டாப்புக்கு ஒரு லெதர் சட்டை

பெண் கேட்டுப் போகிற வீட்டில் எதையும் அளவுக்கு மீறிப் புகழக் கூடாது. காபியைப் புகழ்ந்தால் இன்னொரு டம்ளர் காபி வரும், குடித்துவிட்டுத் தப்பித்துவிடலாம். நான் புகழ்ந்தது ஒரு லேப்டாப்பின் சட்டையை. அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்குக்கூட வரக் கூடாது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. நான் வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வாத்தியார். ஷீபா அதே ஊரில் ஆஸ்பத்திரி நர்ஸ். சர்ச் பாடகர் குழுவில் அவள் பாடுவாள், நான் பின்வரிசையில் நின்று வாயசைப்பேன். (குழுவில் ஆண்கள் எண்ணிக்கை கம்மியாக இருந்ததால் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள்.) எங்களுக்குள் பிடித்துப்போய், விஷயம் ஆம்பூரில் இருந்த அவள் அப்பா காதுக்குப் போனது.

அவள் அப்பா டேனியல் அங்கிள், ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். சபையில் கமிட்டி மெம்பர். கண்டிப்புக்குப் பேர் போனவர். வாலிபர் முகாமில் சீட்டாடிய பையன்களைப் பிடித்து, சீட்டுக்கட்டைச் சமையல் அடுப்பில் போட்டுக் கொளுத்தியவர். அந்த அடுப்பில் வெந்த உப்புமாவைச் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் பெண் கேட்டுப் போய் உட்கார்ந்தேன்.

"கம்ப்யூட்டர் படிச்சவருன்னு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு பழைய லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கம்பெனிக்கு வந்த வெளிநாட்டு டெக்னீஷியன் ஊர் திரும்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். விண்டோஸ் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டதாம். சும்மா கிடக்கிறதே என்று அதற்கு மேலும் கீழும் காபி நிற லெதரை அளந்து வெட்டி, சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஓரத்தில் ஜோடித் தையல் வேறு போட்டிருந்தார். ஒரு சுருக்கம் கிடையாது. நிஜமாகவே அழகாக இருந்தது.

"அங்கிள், இந்த மாதிரி ஃபினிஷிங் நான் எங்கேயும் பாத்ததே இல்ல! இத மியூசியத்துல வெக்கணும்!" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "மியூசியத்துல வேணாம் தம்பி. நீங்க இத ஓட வையுங்க, போதும்."

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். விதி விட்டதா? "விண்டோஸே வேண்டாம் அங்கிள். லினக்ஸ் போட்டுத் தர்றேன். வைரஸ் கிட்டயே வராது. பழைய மெஷின்ல கூட பறக்கும்" என்று அடித்துவிட்டேன். லினக்ஸில் அப்போது எனக்கிருந்த அனுபவம், சென்டரில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டு, மானிட்டர் தெரியாமல் போய், ஒரு வாரம் போராடித் தெரிய வைத்ததுதான்.

அங்கிள் குரலைத் தாழ்த்தி, "பழசெல்லாம் அதுல திரும்ப வந்துடும் இல்ல?" என்று கேட்டார்.

"எல்லாம் வரும் அங்கிள்" என்றேன், எதைக் கேட்கிறார் என்று தெரியாமலேயே.

வாசல்வரை வந்த ஷீபா காதைக் கடித்தாள். "சென்னையிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிப் பையன் வீட்லயும் கேட்டுட்டு இருக்காங்க. அப்பா ரெண்டு மனசா இருக்காரு. இத மட்டும் சொதப்பிடாத."

சொதப்பினேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லினக்ஸ் சிடியை எடுத்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காட்பாடியில் ரயிலேறி ஆம்பூர் போவேன். சிடியைப் போடுவேன். திரையில் வரிவரியாக ஓடும். எஸ்தர் ஆன்ட்டி, அதாவது ஷீபாவின் அம்மா, பக்கத்தில் வந்து நின்று கண்ணை மூடி, "கர்த்தாவே, இந்தப் பொட்டிய ஆசீர்வதியும்" என்பார். ஃபைல்கள் பாதி இறங்கியிருக்கும்போது பட்டென்று அணைந்துவிடும். ஆன்ட்டி ஆமென் சொல்லக்கூட நேரம் இருக்காது.

முதல் வாரம், சிடியில் கீறல் என்றேன். அடுத்த வாரம் புதுச் சிடி, அதே கதை. ஹார்ட் டிஸ்க் பழசு என்றேன். அதற்கடுத்த வாரம் இண்டர்நெட்டில் படித்ததையெல்லாம் தாளில் எழுதி வந்து, தொடக்கத்திலேயே என்னென்னவோ கட்டளைகளைக் கொடுத்தேன். முன்பைவிடச் சீக்கிரமாக அணைந்தது. மெமரியைக் கழற்றி மாட்டிப் பார்க்கச் சொல்லியும் படித்திருந்தேன். டீ குடித்துவிட்டு வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் ஸ்க்ரூவே இல்லை, வழவழவென்று லெதர்தான் இருந்தது. இந்தக் கம்பெனிக்காரன் ஸ்க்ரூ இல்லாமலேயே லேப்டாப் செய்திருக்கிறான், என்ன ஒரு மூளை என்று வியந்து திரும்ப வைத்துவிட்டேன். (ஆமாம், நான் கம்ப்யூட்டர் வாத்தியார்தான்.)

"இன்னா தம்பி உங்க லினக்ஸு, பாதி வழியில செருப்பு அறுந்தவன் மாதிரி நின்னுடுது?" என்றார் அங்கிள். பிறகு சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த ஞாயித்துக்கிழம அந்தச் சென்னைப் பையன் வீட்லேர்ந்து வர்றாங்க" என்றார். நான் மிச்சப் பிரியாணியை அவசர அவசரமாக விழுங்கினேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் கடைசி முயற்சியாக மறுபடி சிடியைப் போட்டேன். அணைந்தது. அன்றைக்கு ஷீபாவுக்கு விடுமுறை. மேசையைத் துடைப்பதற்காக லேப்டாப்பைத் தூக்கியவள், "ஐயோ!" என்று அலறி அதைப் படாரென்று வைத்தாள். பிறகு புறங்கையை அதன் அடியில் வைத்துப் பார்த்தாள். வார்டில் குழந்தைகளின் கழுத்தில் வைத்துப் பார்ப்பாளே, அதே மாதிரி.

"இன்னா இப்டி கொதிக்குது? ஜுரம் அடிக்கற புள்ளைக்கு யாராச்சும் லெதர் சட்டை போட்டு இறுக்குவாங்களா?"

அங்கிள் முகம் சுருங்கியது. எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அடியில் காற்று போகிற துவாரம் இருக்கும், ஃபேன் இருக்கும், ஸ்க்ரூவும் இருக்கும். எல்லாவற்றின் மேலும் அங்கிள் ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருக்கிறார். சூடு தாங்காமல்தான் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது. இவ்வளவும் தெரிந்த பிறகு நான் சொன்னது என்ன தெரியுமா?

"சேச்சே, லெதரால இருக்காது. அங்கிள் ஃபினிஷிங்ல குறையே வராது."

ஷீபா என்னைப் பார்த்த பார்வையில் நானும் ஒருமுறை அணைந்து எரிந்தேன். "அப்ப சரி. அந்தச் சென்னைப் பையன் வந்து பாக்கட்டும்" என்றாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ! எழுந்து நின்றேன். "அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. அது மூச்சு முட்டித்தான் சாவுது. லெதரை அறுத்தாத்தான் பொழைக்கும்."

அங்கிள் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கத்தி இருந்தது. ஆன்ட்டி, "ஏசப்பா!" என்றார். நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

"எந்த எடத்துல?" என்றார் அங்கிள்.

காட்டினேன். சூட்டில் சொல்யூஷன் ஏற்கனவே இளகியிருந்ததால், கத்தி முனையை லேசாகக் கொடுத்ததும் அடி லெதர் முழுசாக உரிந்து வந்தது. உள்ளே துவாரங்கள், வரிசையாக ஸ்க்ரூக்கள், அவற்றின் மேல் மெத்தை மாதிரி தூசி. நான் தூசியைத் தட்டிக்கொண்டே, "இத இப்டியே விட்டுடலாம் அங்கிள்" என்றேன்.

"அம்மணமாவா?" என்று சீறினார். "அறுக்கறது கசாப்புக் கடையில, தம்பி. நம்ம கைல வந்தா டிசைன்." துவாரங்கள் இருந்த இடத்தை லெதரில் குறித்துக்கொண்டு, அதை மணைமேல் விரித்து, ஜென்ட்ஸ் ஷூவின் முன்பக்கத்தில் பூப்போல ஓட்டை போடுவார்களே, அந்தத் துளை உளியால் தட்டித் தட்டி ஓட்டை போட்டார். திரும்ப ஒட்டிக் காயவைத்தார். அந்தக் காபி நிற லேப்டாப் கல்யாண மாப்பிள்ளையின் ஷூ மாதிரி பளபளத்தது.

சிடியைப் போட்டேன். பாதி தாண்டியது. முக்கால் தாண்டியது. ஆன்ட்டி கண்ணைத் திறக்கவே இல்லை. "முடிந்தது" என்று வந்ததும் மறுபடி ஆன் செய்தேன். திரை கன்னங்கரேல் என்று நின்றது.

"போச்சா?" என்றார் அங்கிள்.

"இல்ல!" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு நிஜமாகவே விடை தெரிந்திருந்தது. சென்டரில் ஒரு வாரம் என்னை அழவைத்த அதே நோய். கறுப்புத் திரையில் கட்டளை வரிக்குள் போய், டிஸ்பிளே டிரைவரின் பெயரை மாற்றி எழுதிச் சேமித்துவிட்டு, திரும்பத் தொடங்கினேன். திரை முழுக்க நீலம் விரிந்தது. ஐகான்கள் வந்தன. 'டொய்ங்' என்று ஒரு சத்தமும் வந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஷீபா கைதட்டினாள். ஆன்ட்டி விட்டுப்போன ஆமென்களையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார், ஷீபாவும் பின்னாலேயே போனாள்.

அவர்கள் தலை மறைந்ததும் அங்கிள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"தம்பி... இதுல அது இருக்குதா?"

"எது அங்கிள்?"

"அதான்... செவப்பு மேல கறுப்பு வெக்கறது."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. கம்ப்யூட்டர் சீட்டாட்டத்தைக் கேட்கிறார் என்று புரிந்தபோது, முகாம் அடுப்பில் எரிந்த சீட்டுக்கட்டு கண்முன் வந்தது. சிரித்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு விளையாட்டுகள் பட்டியலைத் திறந்தேன்.

"விண்டோஸ்ல ரெண்டு மூணு வகைதான் அங்கிள். லினக்ஸ்ல பாருங்க, ஆடி முடிக்க ஆயுசு பத்தாது."

அவர் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டார். "இன்னா அங்கிள் அங்கிள்னு? மாமான்னு கூப்பிடுங்க, மாப்ள." அப்படியே சமையலறைப் பக்கம் திரும்பி, "எஸ்தர்! சென்னைக்குப் போன் போட்டு வரவேணாம்னு சொல்லிடு!" என்று குரல் கொடுத்தார்.

அடுத்த மாதம் சர்ச்சில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கப்பட்டது. மாமா தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்போடு உட்கார ஆரம்பித்தார். என்ன செய்கிறீர்கள் என்று அத்தை கேட்டால், "லினக்ஸ் படிக்கிறேன்" என்பார். அத்தையும் மாதர் சங்கத்தில், "எங்க வீட்டுக்காரரு இந்த வயசுல லினக்ஸ் படிக்கிறாரு" என்று பெருமையாகச் சொல்லி வந்தார். ரகசியத்தை நானும் கட்டிக் காத்தேன், பெண் கொடுத்தவர் அல்லவா.

சில வருஷம் கழித்து ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் கதவைச் சாத்த மறந்துவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அத்தை டீயோடு வந்து பின்னால் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. மாமா ரொம்ப நேரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமா முழிக்கறீங்க? அந்தக் கறுப்பு ஒம்பத செவப்பு பத்து மேல வையுங்க. எனக்கு இன்னா தெரியாதுன்னு நெனச்சீங்களா? நீங்க கம்பெனிக்குப் போனப்புறம் நானும் தினம் லினக்ஸ்தான் படிக்கிறேன்" என்றார் அத்தை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது கதவைச் சாத்தினால் போதும், வெளியிலிருந்து ஒரு குரல் வரும்: "இன்னா, லினக்ஸ் படிக்கறியா?"