பூனைகள் நிச்சயித்த கல்யாணம்

ஒருவனுக்கு மூலிகை தெரியும் என்று ஊர் ஒரு தடவை நம்பிவிட்டால் போதும். அதற்குப் பிறகு அவனுக்கு மூலிகை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஊரே சொல்லிக் கொடுத்துவிடும்.

என் கதை அப்படித்தான். மண்டபத்தூரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, கட்டுமரத்தில் ஏறினால் கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும் ரகம் நான். (முதல் நாள் என்னைக் கூட்டிப்போன சித்தப்பா, "இவன் மீன் புடிக்க வரலைடா, மீனுக்குச் சோறு போட வந்திருக்கான்" என்றார்.) ஆகவே கிழிந்த வலையைச் சரிசெய்வது, காரைக்காலுக்குப் போய் நூல் வாங்கிவருவது என்று கரையோடு ஒதுங்கிவிட்டேன். கரையில் கிடப்பவனுக்கு வாய்தானே துணை? போகிற இடமெல்லாம் பேச்சுக் கொடுப்பேன். கோட்டுச்சேரியில் கீரை விற்கிற அம்மாள், "இருமலா? தூதுவளை ரசம் வச்சுக் குடி தம்பி, நெஞ்சு கதவு தொறந்த மாதிரி ஆயிரும்" என்பாள். மருந்துச் சரக்குக் கடை வாசலில் நின்றால், காமாலைக்காரருக்குக் கீழாநெல்லியை மோரில் கலக்கிக் கொடுக்கச் சொல்வது காதில் விழும். தலையில் நீர் கோத்தால் நொச்சித் தழை போட்டு வேது பிடிப்பது, மூட்டு பிடித்தால் முடக்கத்தான் தோசை சுடுவது எல்லாம் இப்படிப் பொறுக்கியதுதான். இங்கே கேட்டதை அங்கே சொல்வேன், அங்கே கேட்டதை இங்கே சொல்வேன். கொஞ்ச நாளில், "அந்தப் புள்ளைக்கு மூலிகை தெரியும்" என்று பேராகிவிட்டது. தானாக வந்த பேரை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

ஆனால் செடிகள் மேல் எனக்கிருந்த பிரமிப்பு மட்டும் பொய்யில்லை. இன்றும் அது குறையவில்லை. வேலியோரத்தில், ஒருவரும் தண்ணீர் ஊற்றாமல், ஆடு மேய்ந்தது போக மிச்சமாய் நிற்கிற ஒரு செடி. அது மனுசன் உடம்புக்குள் போய், நோவு இருக்கிற இடத்தை எப்படி விசாரித்துக் கண்டுபிடிக்கிறது? யார் அதற்கு வழி சொன்னது? யோசித்தால் எனக்கு இப்போதும் மயிர் சிலிர்க்கும்.

காரைக்கால்மேட்டுக் காத்தமுத்து மாமாவின் மகள் அஞ்சலையை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பிரெஞ்சுக்காரர் கொடி இன்னும் இறங்காத ஐம்பதுகளின் ஆரம்பம். மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சொந்தப் படகு, சொந்த வலை, சொந்தக் கோபம். அம்மா பெண் கேட்கப் போகும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "கடலுக்குப் போவாதவனுக்கு எம் பொண்ணைக் குடுத்து, ரெண்டு பேரும் கரையில உக்காந்து அலையை எண்ணவா?"

எனக்கோ அஞ்சலையைத் தவிர வேறு பெண் உலகத்தில் இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு திருவிழாவில் என்னைப் பார்த்துச் சிரித்திருந்தாள். (என் வேட்டி பின்பக்கம் கிழிந்திருந்ததற்காகச் சிரித்தாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது.)

இந்த நிலையில் மாமாவுக்கு உடம்பெல்லாம் சொறி கண்டது. உப்புத் தண்ணீரும் ஈரக் கயிறும் உரசி உரசி, தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் அரிப்பு. பொன்னம்மா அத்தை, அதாவது மாமாவின் சம்சாரம், என் அம்மாவுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பினாள். "உங்க மவன் மூலிகை தெரிஞ்சவனாமே அண்ணி? இந்த மனுசன் சொறிஞ்சு சொறிஞ்சு எங்க உசுரை வாங்குறாரு. இதை மட்டும் நிறுத்திட்டான்னா, அன்னைக்கே பஞ்சாயத்தாரைக் கூப்புட்டுப் பாக்கு வெத்தலை மாத்திருவோம். அவரை ஒத்துக்க வைக்கிறது எம் பொறுப்பு."

சொறிக்குக் குப்பைமேனி. இது எங்கள் பக்கம் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இலையை உப்பு வைத்துக் கசக்கிப் பூசி, காய்ந்ததும் குளிப்பார்கள். இதைச் செய்ய நான் எதற்கு? அதுதான் எனக்கும் உறுத்தியது. மாப்பிள்ளையாகப் போகிறவன் எல்லோருக்கும் தெரிந்ததைச் செய்தால் என்ன மரியாதை? அப்போதுதான் மருந்துக்கடையில் கேட்டு நெஞ்சில் முடிந்து வைத்திருந்த ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. சமூலம். வேர், தண்டு, இலை, பூ என்று செடி முழுவதையும் சேர்த்து மருந்துக்கு எடுத்தால் அதற்குச் சமூலம் என்று பேர். எந்தச் செடிக்கு அப்படி எடுப்பது, எதற்கு எடுக்கக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வார்த்தையின் கம்பீரம் ஒன்றே எனக்குப் போதுமாக இருந்தது.

விடிந்ததும் கோட்டுச்சேரி வயல் வரப்புகளில் இறங்கி, குப்பைமேனியை வேரோடு பிடுங்கிப் பிடுங்கி ஒரு சாக்கு நிறையத் திணித்தேன். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

காரைக்கால்மேட்டுக்குள் நுழையும்போதே ஒரு சாம்பல் பூனை காலில் உரசியது. சகுனம் நல்லாயிருக்கு என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்று சேர்ந்தது. மாமா வீட்டு வாசலை அடைந்தபோது திரும்பிப் பார்த்தால், பின்னால் ஒரு சிறு ஊர்வலம். வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர், "என்னா மாப்ளே, சாக்குல மீனா?" என்றார். "மருந்து" என்றேன், குரலை இறக்கி.

அஞ்சலைதான் அம்மியில் அரைத்தாள். சாக்கைக் கவிழ்த்ததும் மண்ணும் வேருமாகக் கொட்டியதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"வேரோடவா? நாங்கல்லாம் எலையை மட்டும்தான் கசக்கிப் பூசுவோம்."

"அது சாதாரண வைத்தியம். இது சமூலம்."

"அப்படின்னா?"

"சொன்னா புரியாது."

அவள் ஒன்றும் பேசாமல் அரைத்தாள். (அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமானவர்களுக்கு அது என்னவென்று தெரியும்.) உப்பை நானே அள்ளிப் போட்டேன். தாராளமாகவே போட்டேன்.

கோவணத்தோடு வந்து நின்ற மாமாவுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை பூசினேன். ஆள் பச்சைப் பசேலென்று, புதிதாக வண்ணம் அடித்த படகு மாதிரி ஆனார்.

"எரியுதுடா!"

"எரியணும் மாமா. எரிஞ்சாத்தான் உள்ள இறங்குதுன்னு அர்த்தம்."

"உள்ள இறங்கி எங்கடா போவுது?"

காதில் விழாத மாதிரி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மணலில், அவர் படகுக்குப் பக்கத்தில், வெயிலில் உட்காரவைத்தேன். கொஞ்சம் தள்ளி அத்தையும் மற்றப் பெண்களும் நெத்திலியும் வாளையும் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். கையில் ஆளுக்கொரு கழி. காக்கைக்கும் பூனைக்கும் காவல். கருவாடு எடுக்க வந்த வியாபாரி மரைக்காயர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் கேட்பவர்கள் நம்புவதில்லை.

கருவாட்டை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழட்டுக் கடுவன் பூனை தலையைத் தூக்கியது. மூக்கை ஆட்டியது. வாயிலிருந்த நெத்திலியைக் கீழே போட்டது. ஆமாம், போட்டது! போட்டுவிட்டு நேராக மாமாவை நோக்கி நடந்தது. அதன் பின்னால் ஒன்று. படகுக்கு அடியிலிருந்து இரண்டு. கூரைமேலிருந்து, வேலியிலிருந்து, வலைக்குவியலுக்குள்ளிருந்து என்று மேட்டில் இருந்த பூனையெல்லாம் கிளம்பிவிட்டது. வரிசை வரிசையாகப் பரப்பிக் கிடந்த கருவாட்டை மிதித்துத் தாண்டிப் போயின. ஒன்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை.

"அடியே! பூனை கருவாட்டை விட்டுட்டுப் போவுதுடி!" என்று ஒருத்தி கழியைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் பூனை மாமாவின் முழங்காலில் கன்னத்தைத் தேய்த்தது. பிறகு கண்ணைச் செருகிக்கொண்டு அவர் பாதத்தில் மல்லாந்து உருண்டது. அடுத்தது முதுகில் ஏறியது. ஒன்று தோளைப் பிடித்துக்கொண்டு நக்கியது. ஒன்று மடியில் படுத்து, நாலு காலையும் வானத்துக்குக் காட்டி, எச்சில் ஒழுக முனகியது. சண்டைக்காரப் பூனைகள் ஒன்றின்மேல் ஒன்று புரண்டு கிடந்தன. கோயிலில் சாமி வந்து ஆடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தைப் பூனைக்கு அன்றுதான் பார்த்தேன்.

நான் மிதித்துக்கொண்டு போன செடி, ஒரு ஊர்ப் பூனையின் பிறவிக் குணத்தையே ஒரு மூச்சில் மறக்கடித்துவிட்டதே! அந்த வேருக்குள் என்ன இருக்கிறது? வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"டேய்! நின்னு வேடிக்கையாடா பாக்குறே? பிடுங்குடா இதுவளை!" மாமா அலறினார். ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு ஏறியது.

மரைக்காயர் குடையை மடக்கினார். "அல்லாவே! தம்பி, வேரோடவா அரைச்சீங்க? இதுக்குப் பூனைவணங்கின்னு இன்னொரு பேரு உண்டுங்களே. வேர் வாசம் பட்டா அதுவ ஆளை விடாதுங்களே!"

"இப்ப சொல்றீங்களே பாய்!"

"இப்பதானே தம்பி பாக்குறேன்!"

மாமா எழுந்தார். ஒரு பூனை தலையிலும் ஒன்று இடுப்பிலுமாக, கடலைப் பார்த்து ஓடினார். தண்ணீர் பட்டதும் பூனைகள் குதித்து இறங்கிவிட்டன. மாமா கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றார். அரிப்பெடுத்த உடம்பு, உப்பு மருந்து, அதற்கு மேல் உப்புக் கடல். அவர் அங்கே பேசிய வார்த்தைகள் எழுத்தில் வராது. கரையிலோ, ஈர மணலில் வரிசையாக உட்கார்ந்து, எல்லாப் பூனையும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான், அத்தை என்னை நம்பிக் காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்த பஞ்சாயத்தார் பாக்கு வெற்றிலைத் தட்டோடு வந்து சேர்ந்தார்கள். என் அம்மாவும் கூடவே, புதுப்புடவையில்.

பெரியவர் ஒருவர் பூனை வரிசையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "காத்தமுத்து, அங்க என்னாப்பா பண்றே? பொண்ணு குடுக்குறியா இல்லியா?"

"பூனைக்குப் பொறந்தவனுக்கெல்லாம் எம் பொண்ணைக் குடுக்க மாட்டேன்!" என்றது கடல்.

என் அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. எனக்கு எல்லாம் முடிந்துபோனது. அஞ்சலை வாசல் மறைவில் நிற்பது தெரிந்தும் அந்தப் பக்கம் திரும்ப முகமில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான் பாக்கி. மிச்ச வேர் கிடந்த சாக்கை இழுத்துக்கொண்டு, ஊர் எல்லைத் தாழம்புதர் வரை ஓடி, அங்கே கொட்டினேன். பூனைகள் என் பின்னாலேயே வந்து அதில் விழுந்து புரண்டன. அப்படியே மண்டபத்தூருக்கு நடையைக் கட்டிவிடலாம் என்று நினைத்தபோது பின்னால் அத்தையின் குரல்.

"எங்க போறீங்க மாப்ளே? நில்லுங்க!"

மாப்ளே என்றாள். காது சரியாகத்தான் கேட்டதா என்று நின்றேன்.

"கருவாட்டுக் களத்துல போய்ப் பாருங்க. ஒரு நெத்திலி கொறையலை. நான் கல்யாணமாயி வந்ததுலேர்ந்து இப்படி ஒரு நாளைப் பாத்ததில்லை." மற்றப் பெண்கள் கழிகளைக் கீழே போட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பூனைகள் தாழம்புதரில், கருவாடு வெயிலில், நடுவில் ஓர் அதிசயமான நிம்மதி.

அத்தை கரைக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இந்தாங்க! இந்தப் புள்ளைக்குத்தான் பொண்ணு. இவரை விட்டா எங்களுக்கு யாரு வேர் கொண்டாருவா?"

"நான் முடியாதுங்குறேன்!"

"அப்ப நீங்க தண்ணியிலயே நில்லுங்க. நாங்க பாக்கு மாத்திக்கிறோம்."

பஞ்சாயத்தார் அஞ்சலையைக் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கருவாட்டுக்குக் காவ இருந்தே நான் கருவாடாயிட்டேன். அவரு வரட்டும்" என்றாள்.

மாமா கரையேறி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டத் தட்டை வாங்கினார். அவர் காலை ஒரு குட்டிப் பூனை நக்கிக்கொண்டிருந்தது. அதை உதறவும் அவருக்குத் தெம்பில்லை.

சொறி கொஞ்ச நாளில் அடங்கிவிட்டது. அது குப்பைமேனியாலா, கடல்தண்ணீராலா, இன்னொரு தடவை நான் வந்து பூசிவிடுவேனோ என்ற பயத்தாலா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. மேரி என்கிற பிரெஞ்சு நகராட்சி ஆபீசில் கல்யாணத்தைப் பதியப் போனபோது குமாஸ்தா என் தொழிலைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "பூனை மேய்க்கிறாரு" என்றார்.

கடைசிவரை மாமா அதை விடவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் என்னை இழுத்து முன்னால் நிறுத்துவார். "இவருதாங்க எம் மருமவன். பொண்ணு கேட்டு வந்தப்ப மேட்டுல ஒருத்தருக்கும் இவரைப் புடிக்கலை. பூனைக்கு மட்டும்தான் புடிச்சிருந்துச்சு."

உடனே அடுப்படியிலிருந்து அஞ்சலையின் குரல் வரும்.

"எனக்கும் புடிச்சிருந்துச்சு. அதையும் சேத்துச் சொல்லுங்கப்பா!"