கதவுக்காரர் வீட்டுக் கிறீச்

கதவுக்காரர் மாட்டிய கதவு சத்தம் போடாது. இதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாலும் உண்மைதான். தன் வீட்டு ஹாலில், பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்தபடி, முழங்கால் உயரத்தில், கம்பியில்லாத பெரிய ஜன்னல் ஒன்று வைத்திருந்தார். வீடு தேடி வரும் வாடிக்கையாளர் எதிரே அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, "திருடன் உள்ள வந்தாக்கூட, வந்துட்டோம்னு அவனுக்கே தெரியாது" என்பார்.

வாசல் கதவும் அதே ஜாதி. சாயங்காலம் குழந்தைக்குச் சோறு ஊட்டும் போர் தொடங்கும் நேரம் பார்த்து, அந்தக் கதவு வழியாகத்தான் அவர் தெருமுனை கேரம் பலகைக்கு நழுவுவார். திரும்பி வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். கதவு ஒருநாளும் காட்டிக்கொடுத்ததில்லை.

மனைவி, பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். ஊசி குத்தியதே தெரியாது என்று அவளுக்குப் பெயர். குத்தி முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் விஷயம் புரியும். வீட்டிலும் அவள் சுபாவம் அதுதான் என்பதைக் கதவுக்காரர் கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கலாம்.

ஒருநாள் அவள் சொன்னாள்.

"என்னங்க, ஊர்ல பத்து கிலோமீட்டர் ஓட்டம் வைக்கறாங்களாம். பேர் குடுத்துட்டேன்."

"யார் பேரை?" கதவுக்காரருக்கு வியர்த்துவிட்டது.

"என் பேரைத்தான். பதறாதீங்க."

போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் தாராளமும் வந்தது. மாடி வீட்டு அக்கா, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ், அப்போது அங்கே உட்கார்ந்திருந்தாள். கேட்க ஆள் இருந்தால் கதவுக்காரருக்குக் குரல் ஒரு சுற்று பெருக்கும்.

"நல்லா ஓடு! காலைல குழந்தைய நான் பாத்துக்கறேன். பெத்த அப்பன் பாக்காம வேற யாரு பாக்கறது?"

"கேட்டுக்கிட்டேன் தம்பி" என்றாள் மாடி அக்கா. "நான்தான் சாட்சி."

அக்கா போன பிறகு மனைவி மெதுவாகச் சொன்னாள். "பாப்பா பொறந்ததிலிருந்து இந்த உடம்பு அவளுக்குத்தான். பால் குடுக்க, தூக்க, தூங்க வைக்க. பத்து கிலோமீட்டர் எங்கேயும் நிக்காம ஓடிட்டா, இது திரும்பவும் என்னோடதுன்னு தோணும். அவ்வளவுதான் ஆசை."

கதவுக்காரருக்கு மனசு இளகிவிட்டது. நிஜமாகவே இளகியது. மறுநாள் விடியற்காலை வரை இளகியே இருந்தது.

விடியற்காலையில் அவள் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கதவு மூச்சு விடவில்லை. ஆனால் குழந்தை தானாகவே கண்விழித்து, பக்கத்தில் அம்மா இல்லாததைப் பார்த்து, அப்பாவைப் பார்த்து, வீல் என்று கத்தியது. தூக்கினார், பலகை மாதிரி விறைத்துக்கொண்டது. பாடினார், இன்னும் மோசமாயிற்று. சாவிக்கொத்தை ஆட்டினார், பிடுங்கி அவர் மூக்கிலேயே எறிந்தது. பால் புட்டியை மூடி திறக்காமல் வாயில் வைத்து, "குடிக்க மாட்டேங்குதே!" என்று வீடு முழுக்கப் புலம்பினார். மனைவி திரும்பி வந்தபோது அப்பாவும் மகளும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது.

பயந்துபோயிருந்தார் மனுஷன். இதே கைதான் எத்தனையோ கதவைத் தூக்கி நிறுத்தியது. ஒன்றரை வயசுப் பிள்ளையைச் சமாளிக்க அந்தக் கையால் ஆகவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். சாட்சி வேறு மாடியில் இருந்தாள்.

அன்று மத்தியானம் வாசல் கதவுக் கீலிலிருந்த ஆணியை உருவிவிட்டு, கடையில் கிடந்த துருப்பிடித்த ஆணி ஒன்றைச் செருகினார். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தார். கதவைத் திறந்து பார்த்தார்.

கிறீச்!

தொழில் தெரிந்தவன் போட்ட சத்தம். பல் கூசியது.

மறுநாள் காலை மனைவி கதவில் கை வைத்தாள். கிறீச்! படுக்கையில் குழந்தை எழுந்து நின்று, "ம்மா!" என்றது. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். கதவுக்காரர் போர்வைக்குள் சிரித்துக்கொண்டார். அடுத்த நாளும் கிறீச். அதற்கடுத்த நாளும்.

"என்னங்க, கதவுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடக்கூடாதா?"

"எண்ணெயா? கெட்டுது போ! மரம் ஈரத்துல வீங்கியிருக்கு. இப்ப எண்ணெய் விட்டா உள்ள இழுத்துக்கிட்டு இன்னும் வீங்கும். தானா காயணும். தொழில் விஷயம், உனக்குப் புரியாது."

"ஓ" என்றாள். கதவை அடியிலிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்தாள். "சரிங்க."

சில நாளில் ஸ்டாண்டிலிருந்து ஷூவே காணாமல் போயிற்று. காலையில் கிறீச் சத்தமும் இல்லை. ஏழு மணிக்கு அவர் கண்விழித்தால் மனைவி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு சமையலறையில் நிற்பாள். குழந்தை அவர் மார்பில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருக்கும். விட்டுவிட்டாள், பாவம், என்று நினைத்துக்கொண்டார். நெஞ்சில் ஒரு முள் உறுத்தாமல் இல்லை. ஆனால் முள்ளைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.

"மனசு விட்டுடாத. அடுத்த வருஷம் ஓடிக்கலாம்" என்று ஆறுதல்கூடச் சொன்னார்.

"சரிங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்.

ஓட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. "மாடி அக்கா அங்க தண்ணி குடுக்கறாங்களாம். சும்மா போய்ப் பாக்கலாமா?" என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவுக்காரரும் போனார். மைதானத்தில் அவள் மேலே போட்டிருந்த சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டாள். சட்டையில் எண் குத்தியிருந்தது. காலில் அந்த ஷூ.

"ஏம்மா, விளையாடறியா? பழக்கமில்லாம ஓடினா மூச்சு அடைச்சுக்கும்!"

"பாப்பாவைப் பாத்துக்கோங்க" என்றவள் கூட்டத்தோடு போய்விட்டாள்.

அந்தக் காலைப்பொழுது கதவுக்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது. ஓடுகிறவர்கள் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தபோது, அவள்தானோ என்று எட்டி எட்டிப் பார்த்தார். கதவில் செருகிய ஆணி நெஞ்சில் கிடந்து துருவியது. இவளுக்கு ஏதாவது ஆனால் அந்தக் கதவையே விறகாக்கிவிடுவேன் என்று சத்தியம் செய்துகொண்டார். தோளில் குழந்தை ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் சாய்ந்திருந்ததை அவர் கவனிக்கவேயில்லை.

அப்புறம் அவள் வந்தாள். முகம் சிவந்து, முடி நெற்றியில் ஒட்டி, நடக்காமல், நிற்காமல், ஓடியே முடிவுக் கோட்டைத் தாண்டினாள். "என் பொண்டாட்டி! அது என் பொண்டாட்டி!" என்று கதவுக்காரர் போட்ட கூச்சல் மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்டது. கண்ணைத் துடைக்கச் சால்வை வசதியாக இருந்தது.

"பழகாம எப்படிம்மா?"

"தினமும்தான் பழகினேன்." அவள் தண்ணீர் குடித்தாள். "உங்க ஜன்னல் வழியா. திருடனுக்கே தெரியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

கதவுக்காரர் வாய் திறந்தது. கிறீச் என்றுகூடச் சத்தம் வரவில்லை.

"மரம் வீங்கினா அடியில உரசும்னு போன்ல எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கீங்க! நம்ம கதவு மேல இருக்கற கீல்ல கத்துச்சு. அப்பவே புரிஞ்சுது."

"அப்ப குழந்தை? குழந்தைய யாரு பாத்தது?"

தண்ணீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்த மாடி அக்கா திரும்பினாள். "நீதான் தம்பி. அவ ஷூவையும் என் வீட்டுல வச்சுக்கிட்டு, முதல்ல கொஞ்ச நாள் நானும் அந்த ஜன்னல் வழியா வந்து உங்க ஹால்ல காவலுக்கு உக்காந்திருந்தேன். பாப்பா சிணுங்கும். நீ கண்ணைத் திறக்காமலே தூக்கி மார்ல போட்டுத் தட்டுவ. புட்டிய எடுத்து, மூடியைத் திறந்து, வாய்ல வைப்ப. குறட்டை மட்டும் நிக்காது. முழிச்சிருந்தாத்தான் உனக்குப் பதற்றம். நர்ஸ் வேலைல உன்னைப் போல ஒருத்தரைப் பாத்ததில்ல."

தோளில் தூங்கும் மகளைக் கதவுக்காரர் அப்போதுதான் பார்த்தார். கை, தானாகவே முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. ஏமாந்தது அப்புறம், தன்னால் முடிகிறதே!

"வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்த ஆணியை மாத்திடறேன். இனிமே நீ ராணி மாதிரி கதவைத் திறந்துக்கிட்டே போ."

"வேண்டாங்க" என்றாள் மனைவி. "எனக்கு ஜன்னல் போதும். கதவு அப்படியே இருக்கட்டும்."

ஏன் என்று அவருக்கு அப்போது புரியவில்லை. சாயங்காலம் புரிந்தது. சோற்றுக் கிண்ணம் வெளியே வந்தது. கேரம் பலகை கண்முன் வந்தது. கதவுக்காரர் பூனை நடை நடந்து கைப்பிடியை மெல்ல இழுத்தார்.

கிறீச்!

"எங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டது. மனைவி அல்ல. மகள்.