ஹேசல்கோட்டின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

இங்கிலாந்தில் ஹேசல்கோட் என்றொரு குக்கிராமம். தேவாலயம் ஒன்று, ஆடுகள் நானூறு, மனிதர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேருக்கும் பஸ் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுச் சொல்லும் மாபெரும் பொறுப்பு பெங்களூரு பொம்மசந்திராவில் ஓர் ஆபீசிடம் இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், டெண்டர் அப்படி.

போனில் கேட்கிறவன் ஃபிராங்க்ளின். தினமும் சிவாஜிநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வருகிறவன். நாற்பது பேரிடம் கருத்து வாங்கினால்தான் வேலை நிரந்தரம். நிரந்தரம் ஆனால்தான் கல்யாணம் என்று காதலி குளோரியா வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"பதினோரு பேர்தான் மேடம் இருக்காங்க" என்றான் மேனேஜர் சௌம்யாவிடம்.

"ஏன் அவ்வளவு கம்மி?"

ஊரின் வரலாற்றைத் தேடிப் படித்தான். "1349ல கொள்ளைநோய் வந்து முந்நூத்திப் பன்னெண்டு பேர் போயிட்டாங்க."

"ஊரை விட்டா?"

"உயிரை விட்டு மேடம். அங்கேயே புதைச்சிருக்காங்க."

"அப்போ அட்ரஸ் மாறலையே. லிஸ்ட்ல சேர்த்துடு."

"போன் நம்பர் இல்லையே மேடம்."

"நல்லதாப் போச்சு. மூணு முறை முயன்றும் பதில் இல்லைன்னா 'திருப்தி'ன்னு போடணும். ரூலே இருக்கு."

ஃபிராங்க்ளின் ஒருவர் விடாமல் மும்மூன்று முறை முயன்றான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பஸ் இல்லாத வாழ்க்கையில் பரிபூரண திருப்தியோடு இருப்பது ஐயந்திரிபற நிரூபணமானது. உயிரோடிருந்த பதினோரு பேர் பஸ் கேட்டார்கள். பெரும்பான்மையின் விருப்பப்படி பஸ் மறுக்கப்பட்டது.

எண்பத்தொன்பது வயது வினிஃப்ரெட் பாட்டிக்கு அவன்தான் தகவல் சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு மனசே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பதினாறு மைல் என்று அவள் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

"யாருப்பா வேண்டாம்னது?"

"உங்க ஊர்க்காரங்கதான் பாட்டி. முந்நூத்திப் பன்னெண்டு பேர்."

"எங்கே இருக்காங்க அவ்வளவு பேர்?"

"தேவாலயத்துக்குப் பின்னால."

பாட்டி சிரித்தாள்.

"பஸ் இல்லேன்னா நானும் சீக்கிரம் அங்கேதான் போவேன். இப்பவே திருப்தின்னு போட்டுக்கோ. அப்புறம் மூணு தடவை கூப்பிட்டுக் கஷ்டப்படாதே."

ஃபிராங்க்ளின் அப்படியே போட்டுக்கொண்டான். சாயங்காலம் பணி நிரந்தர உத்தரவு வந்தது.