நெஞ்சில் வயர், இடுப்பில் பெட்டி

தன் உடம்பில் எந்த இடத்தில் வருத்தம் என்பதாவது ஒரு மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பதை நெருங்கிய வயதில் எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தெல்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். முழங்கை, முதுகு, வயிறு எங்கும் சொரியாசிஸ். வெள்ளைச் செதிலாக உதிரும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து வேறு இடம் தேடுவார் (கண்டி பஸ்ஸில் சீட்டு முழுவதையும் தனியாக அனுபவித்த ஒரே வாத்தியார் நான்தான்). இரவெல்லாம் அரிப்பு, பகலெல்லாம் கரும்பலகை முன் கொட்டாவி.

கண்டியில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டரிடம் போனேன். முதுகைக் காட்டினால் அவர் கேட்டது வேறு.

“நித்திரை எப்படி? குறட்டை விடுறனீங்களோ?”

“இல்லீங்க டொக்டர். அரிப்புதான்.”

“நெஞ்சு படபடக்கிறதோ?”

எனக்குப் பின்னால் வேறு நோயாளி யாராவது நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

“எனக்குத் தோல்லதாங்க வருத்தம்...”

“ஓம், தெரியும். இது தோலோட மட்டும் நிக்கிற வருத்தமில்லை. நித்திரையைக் கெடுக்கும். சில பேருக்கு இதயத்தையும் தாக்கும். எதுக்கும் பாப்பம்.”

தோல் வெளியே, இதயம் உள்ளே. இரண்டுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? ஒன்றும் விளங்காமல் தலையாட்டினேன். என் நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டினார்கள். மறுநாள் வரை இதயத் துடிப்பை அது பதியுமாம்.

“கழட்டிப் போடாதேங்கோ. மற்றபடி வழமைபோல இருங்கோ,” என்றார் டொக்டர்.

வழமைபோல வீட்டுக்குப் பஸ் ஏறினேன். அந்தக் காலத்தில் ஒரு தமிழன் சட்டைக்குள் வயரோடு பயணம் போகக் கூடாது என்ற சிறு உண்மை, சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கியபோதுதான் என் கணித மூளைக்கு எட்டியது.

உடம்பைத் தடவிய இளம் ஆமிக்காரரின் கை பெட்டியில் நின்றது.

“மொகக்த மே?” இது என்ன என்று கேட்டார். அவர் குரலும் நடுங்கியது.

எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமும் அந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. இதயத்துக்கு ‘ஹதவத’ என்று சொல்ல வேண்டும். பயத்தில் அழுத்தி ‘ஹதவத்த’ என்றேன். ‘வத்த’ என்றால் தோட்டம்.

“எந்தத் தோட்டம்?” என்றார் சிங்களத்தில்.

“என்னுடையது,” என்று நெஞ்சைத் தொடப் போனேன்.

துப்பாக்கி உயர்ந்தது. சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். வயரைக் கண்டு ஓர் அடி பின்வாங்கியவர்கள், வயிற்றைக் கண்டு இன்னும் தள்ளிப் போனார்கள். என் தோலில் இருந்த படையைப் பார்த்து நாட்டின் படையே பின்வாங்கிய நாள் அது! சிரிப்பு இப்போதுதான் வருகிறது.

பஸ் போய்விட்டது. என்னைப் பொலிஸில் ஒப்படைத்தார்கள். தமிழ் பேசத் தெரிந்த ஒரு பொலிஸ் சார்ஜன் டொக்டருக்குப் போன் எடுத்தார். டொக்டர் வார்டில் இருந்தார், காத்திருக்க வேண்டியதாயிற்று. என்னைச் சுவரோரம் ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். இனி வீட்டுக்குப் போவேனா என்று எண்ணிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு, சார்ஜன் என் தோளைப் பிடித்து உலுக்கியதுதான் நினைவு.

“மாஸ்டர்! மாஸ்டர்! உயிர் இருக்கா?”

பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லி ஓடிவந்த என் மனைவி ஸ்டெல்லா பக்கத்தில் அழுதுகொண்டிருந்தாள். டொக்டர் போனில் விளக்கிவிட்டாராம்; நான் போகலாமாம். ஆனால் சார்ஜன் என்னை விடாமல் ஸ்டெல்லாவிடம் முறைப்பாடு செய்தார்.

“நோனா, இவர் தூங்கினா பெரிய சத்தம். அப்புறம் மூச்சே இல்ல. செத்துட்டார்னு நாங்க பயந்தது. திரும்ப ஒரேயடியா சத்தம்!”

மறுநாள் ஸ்டெல்லா அதை அப்படியே டொக்டரிடம் ஒப்பித்தாள். அவர் பெட்டி பதிந்த வரைபடத்தில் துடிப்பு எகிறியிருந்த இடத்தைப் பார்த்து, “நேற்றுப் பின்னேரம் மலை ஏதும் ஏறினனீங்களோ?” என்றார்.

“இல்லீங்க. நின்னுக்கிட்டுதான் இருந்தேன்.”

இதயத்தில் இப்போதைக்குப் பழுதில்லை. ஆனால் நித்திரையில் மூச்சு தடைப்படுவதை இப்படியே விட்டால் இதயமும் களைத்துவிடும். உடம்பைக் குறைக்க வேண்டும், பக்கவாட்டில் படுக்க வேண்டும், தோலுக்கு மருந்தையும் விடக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் ஸ்டெல்லா வெடித்தாள். “கல்யாணம் கட்டின நாள்லருந்து நானும் இதத்தானே சொல்றேன்? பொலிஸ் சொன்னாதான் நம்புவீங்களா?”

நம்பினேன். உடம்பு இளைத்தது. செதில் இன்னும் வந்து போகிறது, ஆனால் தூங்குகிறேன். இப்போதும் மாத்திரை போட மறுத்தால் என் மகள் சண்டை பிடிப்பதில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்பாள்:

“அப்பா, சார்ஜனுக்கு ஒரு கோல் போடவா?”